பாட்டுத் தண்ணீர்

கிளிஞ்சமேட்டுக் குடியிருப்பின் பதினோராம் பிளாக்கில், குழாயில் வராத தண்ணீர் பாட்டில் வந்த காலம் ஒன்று இருந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, லிஃப்ட் ஓடாத அந்தக் கட்டடத்தில் ஆறாவது மாடிவரை ஏறிப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கி முடித்த பிறகு சொல்லட்டும், தண்ணீர் எந்த வழியாக வந்தால் என்ன என்று.

அந்த ஜனம் ஆற்றங்கரை ஜனம். நகரத்தின் நடுவில் ஓடுகிற, ஆறு என்று அதைச் சொன்னால் மற்ற ஆறுகள் கோபித்துக்கொள்ளும்படியான ஒரு கறுப்புத் தண்ணீரின் ஓரத்தில், தகரமும் தார்ப்பாயும் போட்டு மூன்று தலைமுறையாக இருந்தவர்கள். ஒரு கார்த்திகை மாதம் அந்த ஆறு, தானும் ஒரு காலத்தில் ஆறாக இருந்தது திடீரென்று நினைவுக்கு வந்துவிட்டதுபோல எழுந்து வந்து, வீட்டையும் பாத்திரத்தையும் ரேஷன் கார்டையும் ஆடுகளையும் சில மனிதர்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பிறகு ஆபீஸ்காரர்கள் வந்து, இனிமேல் உங்களுக்குத் தண்ணீரால் ஒரு ஆபத்தும் வராது என்று வாக்குக் கொடுத்து, மிச்சமிருந்தவர்களை லாரியில் ஏற்றிக் கிளிஞ்சமேட்டில் இறக்கினார்கள். அந்த ஒரு வாக்கை மட்டும் நூற்றுக்கு நூறு காப்பாற்றினார்கள். அங்கே தண்ணீரே இல்லை.

தேசம்மா ஆறாவது மாடியில் இருந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் குடியிருக்கிற பெரிய அடுக்ககம் ஒன்றில் கூட்டித் துடைக்கிற வேலை. அங்கே தோட்டத்துக் குழாயை யாராவது திறந்து போட்டுவிட்டுப் போனால், அவள் எந்த மூலையில் இருந்தாலும் காதுக்கு எட்டிவிடும். துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மூடுவாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று வளர்ந்தவளுக்குத் திறந்து கிடக்கிற குழாயைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை. அவள் புருஷன் தணிகாசலம் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பான். சாவு விழுந்த வீடுகளில் கானா பாடுவான். ஆற்றங்கரையில் அது வழக்கம். செத்தவரை வெறும் அழுகையோடு அனுப்பக் கூடாது. அவர் பெயரைச் சொல்லி, அவர் குடித்ததையும் கொடுத்ததையும் சொல்லி, கேட்கிறவர்கள் சிரித்துச் சிரித்து அழும்படி பாடித்தான் அனுப்ப வேண்டும். தணிகாசலம் வாயைத் திறந்தால் பிணத்துக்கே எழுந்து உட்காரத் தோன்றும் என்பார்கள்.

அவர்களுக்கு ஒரு பெண் இருந்தாள், ரோஷினி. மூன்றாம் வகுப்பு படித்தாள். ஆறு எடுத்துக்கொண்டு போன சில மனிதர்களில் அவளும் ஒருத்தி. வேலைக்குப் போன தேசம்மா பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள். தணிகாசலம் வேறொரு பேட்டையில் யாருடைய சாவுக்கோ பாடிக்கொண்டிருந்தான். பக்கத்துத் தகர வீட்டு பிலோமினாதான் கடைசியாக அவள் குரலைக் கேட்டவள். "உள்ள தண்ணி பூர்றப்போ பாடினு இருந்துச்சிக்கா. நான் கூப்புட்டேன், கேக்கல" என்று அழுதாள். படம், பள்ளிக்கூட அட்டை, பாவாடை எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சியது அந்தப் பாட்டு ஒன்றுதான்.

அது ரோஷினியே கட்டிய பாட்டு. சாயங்காலம் தலை பின்னிவிடும்போது அம்மாவுக்கு மட்டும் பாடுவாள். அப்பா பெரிய பாட்டுக்காரர் என்பதால் அவரிடம் பாட வெட்கம். அதை நினைக்கும்போதெல்லாம் தேசம்மாவுக்கு விரல்களுக்கிடையே எண்ணெய் தேய்த்த முடி வழுக்கும். அந்த முடியின் கனம் வரைக்கும் அவளுக்குத் தெரியும்.

*ஏ மழ, எங்க வூட்டுக்கு வா,*
*செருப்ப வாசல்ல வுட்டுட்டு வா,*
*பாயி இருக்குது, ஓரமா குந்து,*
*பன்னு இருக்குது, டீயில நனச்சித் துன்னு,*
*பொழுது சாஞ்சா பொழப்பப் பாரு,*
*போவும்போது சொல்லிட்டுப் போ.*

மழை வந்தது. செருப்பை வாசலில் விடவில்லை, ஓரமாகக் குந்தவில்லை, சொல்லிக்கொண்டும் போகவில்லை. விருந்துக்குக் கூப்பிட்ட பிள்ளையை விருந்தாளியே கொண்டுபோய்விட்டான். அதனால் தேசம்மா அந்தப் பாட்டை வாய்விட்டுப் பாடியதே இல்லை. பாடினால் மறுபடியும் வந்துவிடுமோ என்று ஒரு பயம். பாடாவிட்டால் மறந்துவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். மனதுக்குள்ளேயே தினம் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

கிளிஞ்சமேட்டில் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று லாரிக்கே தெரியாது. பெண்கள் குடங்களை மாடிப்படியில் வரிசையாக வைத்துவிட்டு, ஆளுக்கொரு படியில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பில் பிலோமினா ஒரு விளையாட்டைத் தொடங்கிவைத்தாள். ஒரு பொருளைச் சொல்வது, ஒவ்வொருத்தியும் அந்தப் பொருளில் தனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு ஒன்றைப் பாடுவது, ஏன் பிடிக்கும் என்று சொல்வது. ஒருநாள் ரயில். ஒருநாள் நிலா. ஒருநாள் கண். ரயில் பாட்டு பாடிய நாளில் யாரும் எங்கேயும் போய்ச் சேரவில்லை, நிலாப் பாட்டு பாடிய நாளிலும் படிக்கட்டு பல்பு எரியவில்லை. பாட்டு பாட்டாகத்தான் இருந்தது. பிறகு ஒரு சித்திரை மாதத்துப் பகலில், வெயிலில் நாக்கு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "இன்னிக்கி மழைப் பாட்டு" என்று யாரோ சொன்னார்கள்.

முதலில் நாலாவது மாடிக்காரி, கல்யாணமான புதிதில் புருஷன் மொபைலில் போட்டுக் காட்டிய ஒரு காதல் பாட்டைப் பாடினாள். அவள் குடத்தில் கலகலவென்று ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள், கழுத்துவரை தண்ணீர். குடத்தைச் சாய்த்து ஒரு வாய் குடித்துவிட்டு, "அடுத்து யாரு?" என்று கேட்டாள். அவ்வளவுதான். யாரும் மயங்கி விழவில்லை, கற்பூரம் ஏற்றவில்லை. லாரிக்கு அடித்துக்கொள்கிற அதே அவசரத்தோடு அடுத்தவள் தொண்டையைச் செருமினாள்.

அற்புதம் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கும் வரிசை, சண்டை, சங்கம் எல்லாம் வேண்டும். குடியிருப்போர் சங்கச் செயலாளர் முனிரத்தினம் தலைமையில் மெல்ல மெல்ல முறைகள் பிடிபட்டன. பாட்டு மனசாரப் பிடித்த பாட்டாக இருக்க வேண்டும். தண்ணீருக்காக மொபைலைப் பார்த்து அவசரமாகப் படித்த பாட்டுக்குக் குடம் லேசாக வியர்க்கும், அதோடு சரி. ஒரு படிக்கட்டில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஒரே பொருளில் பாட வேண்டும். மழை என்றால் மழை, கிணறு என்றால் கிணறு. ஒருநாள் எல்லாரும் மழை பாடிக்கொண்டிருக்கும்போது முனிரத்தினம் தனக்குப் பிடித்த கடல் பாட்டை எடுத்துவிட, அத்தனை குடமும் உப்புக் கரித்துப்போய், பெண்கள் அவரை ஒரு வாரம் ஏசினார்கள். அந்தத் தண்ணீரைக் கொட்ட மனம் வராமல் கருவாடு போட்டார்கள், நன்றாகத்தான் இருந்தது.

ஆற்றுப் பாட்டு நாள் ஒன்று வந்தது. படங்களில் வருகிற ஆறெல்லாம் வந்து தெளிந்த தண்ணீராகக் குடங்களில் இறங்கின. அப்போது தணிகாசலம், தாங்கள் விட்டு வந்த அந்த ஆற்றின்மேல் தானே கட்டிய கானாவைப் பாடினான். அவன் குடத்தில் கறுப்பாக, கொழகொழவென்று, அதே நாற்றத்தோடு வந்தது. ஒரு நிமிஷம் மூக்கைப் பொத்தினார்கள். பிறகு ஒவ்வொருத்தராக எழுந்து வந்து குடத்துக்குள் முகத்தை விட்டு மோந்து பார்த்தார்கள். சிலர் அழுதார்கள். அந்தக் குடத்தைக் கீழ்ப்படியில் ஒரு ஓரமாக வைத்திருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் போகிற போக்கில் மூடியைத் திறந்து மோந்துவிட்டுப் போனார்கள்.

விலை என்னவென்று பிறகுதான் தெரிந்தது. முதலில் தெரிந்துகொண்டவள் பிலோமினா. அவள் ஞானஸ்நானத்தின்போது தன் அம்மா பாடிய கீர்த்தனையை ஒரு தண்ணீர் நாளில் கொடுத்திருந்தாள். பிளாக்கிலேயே இனிப்பான தண்ணீர் அதுதான் என்று பேர். அடுத்த ஞாயிறு கோயிலில் எல்லாரும் அதே கீர்த்தனையைப் பாட, பிலோமினா எழுந்து, "யாரு கொழாய தொறந்து வுட்டது?" என்று கேட்டுக்கொண்டே சுவரோரமாகத் தேடிப் போனாள். அவளுக்குப் பாட்டு கேட்கவில்லை. தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டுமே கேட்டது. வார்த்தை ஒன்றுகூட நினைவில் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பாட்டு அப்படியே இருந்தது. கொடுத்தவளுக்கு மட்டும் போய்விட்டது. பாட்டோடு ஒட்டிக்கொண்டிருந்த அம்மாவின் குரலும் போய்விட்டது என்பதை அவள் தேசம்மாவிடம் மட்டும் சொன்னாள்.

"போனா போவுது வுடுக்கா. புள்ளைங்க தாகத்துக்கு ஆச்சி" என்று முடித்தாள். அதன் பிறகு அவள் கோயிலுக்கு வெளியே மரத்தடியிலேயே நின்றாள்.

தேசம்மா அன்றிலிருந்து படிக்கட்டில் தன் பாட்டு முறை வரும்போதெல்லாம் தனக்கு அவ்வளவாக ஒட்டாத பாட்டுகளையே கொடுத்தாள். அவள் குடம் அரைக் குடம்தான் நிறையும். அரைக் குடம் போதும் என்பாள்.

இந்தச் சமயத்தில் மேற்பார்வை ஆபீஸிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். படியெல்லாம் நிறைகுடமாக இருந்ததைப் பார்த்தார். ஒரு கிணற்றுப் பாட்டு முழுவதையும் நின்று கேட்டார். ஒரு டம்ளர் வாங்கிக் குடித்து, "நல்லா இனிக்குதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் முதல் பதினோராம் பிளாக்குக்கு லாரி நின்றுபோனது. முனிரத்தினம் ஆபீஸுக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றதற்கு, "ஒங்களுக்குத்தான் பாட்டு இருக்கே, இல்லாத பிளாக்குக்குப் போவட்டும்" என்று பதில் வந்தது. பாட்டை நிறுத்தினால் லாரி வரும் என்று சில நாள் வாயை மூடிக்கொண்டிருந்து பார்த்தார்கள். குழந்தைகளுக்கு உதடு வெடித்தது, லாரி வரவில்லை. அற்புதம் கையிலிருக்கிறவனுக்குக் கோபம் வர நேரமாகும். அவர்கள் மறுபடியும் படிக்கட்டில் உட்கார்ந்து பாடினார்கள்.

ஒரு மனுஷிக்கு மனசாரப் பிடித்த பாட்டு எத்தனை இருந்துவிடும்? வாயில் நூறு இருக்கும், மனசில் பத்து தேறாது. ஆடிக்குள் பாதிப் பேர் காலியாகிவிட்டார்கள். கல்யாண வீட்டு மைக் செட்டில் பாட்டுப் போட்டால் பிளாக்கில் நாலு பேர் எழுந்து குழாயை மூட ஓடினார்கள். தணிகாசலத்திடம் மட்டும்தான் வற்றாமல் இருந்தது. சாவுப் பாட்டில் தண்ணீர் வராத பாட்டு ஏது? ஒரு வரியில் கண்ணீராவது வரும், இல்லாவிட்டால் சுடுகாட்டில் உடைக்கிற கொள்ளிக்குடமாவது வரும். முழு பிளாக்கும் அவனைக் குடிக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் தேசம்மாவிடம் ஒரு பாட்டு இருப்பது வெளியே வந்தது. பிலோமினாதான் வாய் தவறினாள், அந்தப் பிள்ளை பாடினு இருந்துச்சே என்று. ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? தேசம்மா ஒரு பாட்டை மூடி வைத்திருக்கிறாள், மழைப் பாட்டாம், அதைப் பாடினால் எட்டு மாடியும் நிறையுமாம் என்று பேச்சு படியேறிப் படியிறங்கியது. ஒரு சாயங்காலம் முனிரத்தினமும் பெண்களும் வாசலில் வந்து நின்றார்கள்.

"எல்லாரும் குடுத்தாச்சி தேசம்மா. என் பொண்டாட்டி அவ தங்கச்சி பாட்டையே குடுத்துட்டா. நீ மட்டும் வெச்சினு கீறியே, ஞாயமா?" என்று கேட்டார் முனிரத்தினம்.

"எங்கிட்ட இன்னா கீது? ஒண்ணும் இல்ல."

"பொய் சொல்லாதமே. பச்சப் புள்ளைங்க வூட்ல கீது."

பச்சைப் பிள்ளை என்ற சொல்லைக் கேட்டதும் தேசம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். தன் பிள்ளையிடம் மிச்சமிருப்பது இது ஒன்றுதான் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது, அவர்கள் பிள்ளைகளுக்கும் தாகம் இருக்கும்போது? உள்ளே பாயில் படுத்திருந்த தணிகாசலம் எழுந்து வந்தான்.

"அவள வுடு நைனா. நான் பாடறேன். வரிசையா வைங்க" என்றான்.

அன்றைக்கு அவன் தன் குருவிடம் முதன்முதலில் கேட்ட கானாவைக் கொடுத்தான். அடுத்த முறை அவர்கள் அவளைத் தேடி வந்தபோது, தன் அப்பன் செத்த அன்று பாடியதைக் கொடுத்தான். அவளிடம் கேட்டு வந்த ஒவ்வொரு முறையும் குறுக்கே நின்று தன்னிடமிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். தேசம்மா ஒருநாள் சண்டை பிடித்தாள்.

"யோவ், எதுக்குயா இப்புடி பண்ற? உன் உசுரே அதுதான?"

"அன்னிக்கி எவன் சாவுக்கோ பாடினு இருந்தேன் தேசம். எம் பொண்ணு பாட்டுக்குக் காது குடுக்க ஆளு இல்ல. அந்தப் பாட்டாலதான வூட்ல இல்லாம போனேன்? போவட்டும்" என்றான்.

புரட்டாசி வந்தபோது அவனிடம் பிடித்த பாட்டு ஒன்றுகூட இல்லை. பிடிக்காத பாட்டுகள் மட்டும் தெளிவாகக் கேட்டன. எதிர்க்கடை டிவியில் வருகிற சோப்பு விளம்பரப் பாட்டு அட்சர சுத்தமாகக் கேட்டது. மற்றதெல்லாம் தண்ணீர் சத்தம். பழைய கூட்டாளிகள் அவனைச் சாவு வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவன் கட்டிய கானாவையே அவன் முன்னால் பாடினார்கள். அவன் நடுவில் எழுந்து, வாளி நிரம்பி வழியுது பாருங்க என்றான். அதற்குப் பிறகு வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. சோறு இறங்கவில்லை. டாக்டர் நெஞ்சு வீக்கம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். தேசம்மாவுக்குத் தெரியும், அவனுக்குள் ஒன்றும் இல்லை என்று.

ஒரு மத்தியானம் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"தேசம், அது பாடினது இன்னா பாட்டுமே? எங்கிட்ட பாடவே பாடாது. வெக்கப்படும்."

தேசம்மா எழுந்து வீட்டிலிருந்த குடம், தவலை, சொம்பு, டம்ளர் எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்தாள். ஒரு கரண்டியைக்கூட மல்லாக்க விடவில்லை. பிறகு அவன் பக்கத்தில் படுத்து, அவன் காதில் வாயை வைத்து, மூச்சு வெளியே போகாதபடி அத்தனை சின்னக் குரலில் பாடினாள். அவன் கொடுக்காத பாட்டு அது. அதனால் அவனுக்குக் கேட்டது. செருப்பை வாசலில் விடச் சொன்ன இடத்தில் சிரித்தான். பன்னை டீயில் நனைக்கச் சொன்ன இடத்தில், "எனக்கும் அப்புடித்தான் புடிக்கும், பாத்திருக்கா கழுத" என்றான். உலகத்தில் அவன் காதுக்கு மிச்சமிருந்த ஒரே நல்ல பாட்டு அது. தினமும் கேட்டான். தினமும் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டுப் பாடினாள். ஐப்பசி பிறந்து கொஞ்ச நாளில், அவள் பாடிக்கொண்டிருக்கும்போதே, பொழுது சாய்ந்தால் பிழைப்பைப் பார் என்கிற இடத்தில் அவன் போய்விட்டான். அவள் கடைசி வரியையும் பாடி முடித்துவிட்டுத்தான் அழுதாள்.

பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும். பதினோராம் பிளாக்கில் அன்று தண்ணீர் இல்லை. மற்ற பிளாக்குகளுக்கும் அன்றைக்கு லாரி வரவில்லை. முனிரத்தினம் படிப்படியாக இறங்கி, வாசல் வாசலாகக் கேட்டு, வண்டல் தெரிகிற அரைக் குடம் தண்ணீரோடு வந்து நின்றார். பாடிப் பார்க்கலாம் என்று பெண்கள் வாயைத் திறந்தார்கள். யாரிடமும் ஒன்றும் இல்லை. முனிரத்தினத்தின் பெண்டாட்டி சினிமாப் பாட்டு ஒன்றை முயன்று பார்த்தாள். குடத்தின் வெளிப்புறம் கொஞ்சம் வியர்த்தது.

"மூஞ்ச மட்டும் தொடச்சி அனுப்பிடலாம் தேசம்மா. ஆத்துமா போயிடிச்சி, ஒடம்புக்கு இன்னா தெரியும்?" என்றார் முனிரத்தினம். அந்த மனிதரையும் குற்றம் சொல்ல முடியாது. அவரும் தணிகாசலத்தின் குரலைத் தண்ணீராகக் குடித்தவர்தான்.

தேசம்மா அந்த அரைக் குடத்தைப் பார்த்தாள்.

"இந்த பிளாக்குல இவரு ரொப்பாத கொடம் எது? சொல்லுங்க" என்றாள். "அம்மாம் பேரு குடிச்ச மனுசன் இது. மூஞ்ச தொடச்சா அனுப்பறது?"

எழுந்து, கவிழ்ந்து கிடந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தாள். பிலோமினாவுக்குப் புரிந்துவிட்டது. ஓடி வந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"வேணாங்கா. எங்கம்மா கொரல நான் குடுத்தேன். இன்னி வரைக்கும் தேடினு கீறேன். வேணாங்கா, சொன்னா கேளு."

"நான் பாடறப்போ நீங்கல்லாம் கேளுங்க. நல்லா கேட்டுக்கோங்க. ஒரு வார்த்த வுடாத கேட்டுக்கோங்க பிலோமினா" என்றாள் தேசம்மா, அவள் கையை மெல்ல எடுத்துவிட்டு.

வீட்டிலும் வாசலிலும் படிக்கட்டிலும் நின்ற ஜனம் இன்னும் நெருங்கியது. மேல்மாடியிலிருந்தும் கீழ்மாடியிலிருந்தும் வந்து நின்றார்கள். குழந்தைகளை முன்னால் உட்கார வைத்தார்கள். தேசம்மா புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்து, கையை முன்னால் நீட்டி, இல்லாத ஒரு தலையை வாரிப் பின்னுவதுபோல விரல்களை அசைத்துக்கொண்டு, வாய்விட்டுப் பாடினாள். ஏ மழ, எங்க வூட்டுக்கு வா. ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. கடைசி வரிக்கு வந்தபோது அவள் குழந்தைகளைப் பார்த்துப் பாடினாள்.

குடம் நிறைந்தது, தவலை நிறைந்தது, சொம்பும் டம்ளரும் கரண்டியும் நிறைந்தன. பிறகு வாசலில் தண்ணீர் வந்தது. ஆற்றங்கரை ஜனம் அதைப் பார்த்ததும் பதறிப்போய்ப் பிள்ளைகளைத் தூக்கியது, ஏனென்றால் வீட்டுக்குள் வருகிற தண்ணீரை அவர்களுக்குத் தெரியும். ஆனால் இந்தத் தண்ணீர் வாசலில் கொஞ்சம் தயங்கி நின்று, கால் வைத்து, உள்ளே வந்து, கணுக்கால் அளவுக்கு மேல் ஏறாமல், சுவரோரமாகப் போய் அமர்ந்தது. மழைத் தண்ணீர், குளிர்ந்து, மண் வாசனையோடு. அதில் தணிகாசலத்தைத் தலையிலிருந்து கால்வரை குளிப்பாட்டினார்கள். பெயிண்ட் கறை நகக்கண்ணிலிருந்துகூடப் போயிற்று. எல்லா மாடியிலும் அன்று அதே தண்ணீர் கணுக்கால் அளவு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தது. ஜனம் மொண்டு நிரப்பிக்கொண்டது. அவனைத் தூக்கிக்கொண்டு போகும்போது, கூட்டாளிகள் அவனுடைய கானாக்களையே பாடிக்கொண்டு போனார்கள். பொழுது சாய்ந்ததும் தண்ணீர் எழுந்து, ஒவ்வொரு படியாகச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டு, கீழே இறங்கி வெளியே போனது.

தேசம்மா அதைக் கேட்டுக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு வழக்கம்போல மனதுக்குள் பாட்டைச் சொல்லிப் பார்க்கப் போனாள். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பெண்ணின் முகம் இருந்தது, பேர் இருந்தது. விரலில் வழுக்கிய முடியின் கனம் மட்டும் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் பதினோராம் பிளாக் பெண்கள் காலிக் குடங்களோடு போய்ப் பெரிய ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஒரு பாட்டும் பாடவில்லை. பஸ், கார், கம்பெனி வேன் எல்லாம் கடைசி தெரியாத தூரத்துக்கு நின்றன. சாயங்காலத்துக்குள் லாரி வந்தது, மறுநாளும் வந்தது. பாட்டைவிடக் காலிக் குடத்துக்குத்தான் ஆபீஸில் காது கேட்கும் என்று முன்பே தெரிந்திருந்தால், என்று பிலோமினா தொடங்கி, முடிக்காமல் விட்டாள். அதன் பிறகு யார் பாடினாலும் குடம் நிறையவில்லை; யாரும் முயலவும் இல்லை.

ஆனால் பாட்டு இருந்தது. குழந்தைகள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தார்கள். கண்ணாமூச்சிக்கும் பாண்டிக்கும் நடுவில், படிக்கட்டுக் கம்பியில் சறுக்கிக்கொண்டு, மழை வந்தாலும் வராவிட்டாலும் அதைப் பாடினார்கள். பாடுகிறபோதெல்லாம் ஆறாவது மாடியில் கதவு திறக்கும். தேசம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வருவாள்.

"யாரு கொழாய தொறந்து வுட்டது? காசு குடுத்தாலும் வராத தண்ணி, இப்புடி ஓட வுடறீங்களே, மூடுங்க."

குழந்தைகள் பாட்டை நிறுத்திவிடுவார்கள். பெரியவர்கள் சொல்லிக்கொடுத்திருந்தபடி, "மூடிட்டோம் பெரீம்மா" என்பார்கள். சத்தம் நின்றுவிட்டதைக் கேட்டுத் திருப்தியோடு அவள் உள்ளே போவாள்.

அடுத்த வருஷத்து மழைக்காலத்தில் மூன்றாவது மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. அந்த வீட்டுச் சிறுமிக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பாட்டையும் அதன் பேரையும் மட்டும் மற்றப் பிள்ளைகளிடமிருந்து படித்திருந்தாள். ஒரு சாயங்காலம் எல்லாரும் பாட, தேசம்மா வெளியே வந்து குழாயை மூடச் சொல்ல, மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சிறுமி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"கொழாய் இல்ல பெரீம்மா. பாட்டு. ரோஷினி பாட்டு."

மற்றக் குழந்தைகள் அவளைக் கிள்ளினார்கள். தேசம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தபா பாடு" என்றாள்.

சிறுமி பாடினாள். ஒவ்வொருத்தராக மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தேசம்மாவுக்குத் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஏதோ ஒரு குழாய், யாரோ திறந்து போட்டது, வாளி இல்லாமல், குடம் இல்லாமல், வீணாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் கை முந்தானைக்குப் போயிற்று. கால் எழுந்திருக்கப் பார்த்தது. அவள் படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். பாட்டு முடிந்து குழந்தைகள் அவள் முகத்தைப் பார்த்தபோது, "எதுக்கு மூட்னீங்க?" என்று கேட்டாள்.

"மூடாதீங்க. அது பாட்டுக்கு ஓடட்டும் வுடுங்க."